ஐந்து நிறம், ஒரு பிடி மண்

சீட்டாடி நிலத்தை இழந்தவர்களைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். இது வேறு கதை. நிலத்தையே சீட்டாக அச்சடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம். அந்தச் சீட்டு நிலத்தில் சில துண்டுகள் இன்றைக்கு நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன. வெறும் அட்டை. உள்ளங்கையில் அடங்கிவிடும். பட்டா கிடையாது, விளைச்சலும் கிடையாது.

ஆட்டத்தின் பெயர் மேஜிக்: த கேதரிங்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பையன்கள் போக்கிமான் கார்டு சேர்த்திருப்பார்கள். அதற்கெல்லாம் தாத்தா இதுதான். காசு கொடுத்து கார்டு வாங்கி, நண்பர்களோடு மாற்றிக்கொண்டு, தனக்கென்று ஒரு கட்டு தயார் செய்து மோதுகிற வம்சம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு கணக்கு வாத்தியார். ரிச்சர்ட் கார்ஃபீல்ட். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து சுட்டுக் கொல்லப்பட்ட ஜேம்ஸ் கார்ஃபீல்டின் எள்ளுப்பேரன் முறை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எத்தனை விதமாக அடுக்கலாம், எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று எண்ணிக்கொண்டே இருக்கிற கணிதம். மிச்ச நேரத்தில் விளையாட்டுகள் கண்டுபிடிப்பார்.

1991-ல் தான் உருவாக்கிய ரோபோ ராலி என்ற விளையாட்டைத் தூக்கிக்கொண்டு பீட்டர் அட்கிஸன் என்பவரைப் பார்க்கப் போனார். அட்கிஸன் பகலில் போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மற்ற நேரத்தில் விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்று ஒரு குட்டி நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். குட்டி என்றால் நிஜமாகவே குட்டி. வீட்டின் நிலவறைதான் ஆபீஸ்.

ரோபோ ராலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பலகை, பொம்மை, பெட்டி என்று தயாரிப்புச் செலவு எக்கச்சக்கம். அட்கிஸன் வேறொன்று கேட்டார். விளையாட்டுக் கண்காட்சிகளில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருக்கிறார்களே, அந்த நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி, பையில் போட்டு எடுத்துப்போகிற மாதிரி ஏதாவது?

கார்ஃபீல்ட் யோசித்தார். ஆரிகன் மாநிலத்தின் மல்ட்னோமா நீர்வீழ்ச்சிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. ஆளாளுக்கு வேறு வேறு சீட்டுக்கட்டு இருந்தால் என்ன?

கேட்பதற்கு சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை உலகத்தில் சீட்டுக்கட்டு என்றால் 52. ரம்மி ஆடினாலும் போக்கர் ஆடினாலும் அதே 52. உங்களுக்கும் எனக்கும் பொதுவானது. இவர் சொன்னது, என் கட்டை நான் கட்டிக்கொண்டு வருவேன், உன்னுடையதை நீ கட்டிக்கொண்டு வா. உள்ளே என்ன இருக்கிறது என்று நீ இறக்கும்வரை எனக்குத் தெரியாது. பாதி ஆட்டம் மேஜைக்கு வரும் முன்பே, வீட்டில் கட்டு கட்டும்போதே நடந்து முடிந்துவிடும்.

அடுத்த வினாடியே ஒரு பெரிய ஓட்டை தெரிகிறதல்லவா? எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றால், எல்லாரும் இருப்பதிலேயே பலமானதை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே மாதத்தில் ஊரிலிருக்கிற எல்லாக் கட்டும் ஒரே கட்டாகிவிடும். திரும்பவும் 52 கதைதான்.

இதற்கு கார்ஃபீல்டிடம் ஏற்கெனவே ஒரு மருந்து இருந்தது. 1982-லிருந்தே ஃபைவ் மேஜிக்ஸ் என்று ஒரு ஆட்டத்தை நோண்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து எடுத்தார், ஐந்து நிறங்களை.

வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். வெள்ளைக்கு ஒழுங்கும் கட்டுப்பாடும். நீலத்துக்கு மூளை, கூடவே கொஞ்சம் தகிடுதத்தம். கறுப்புக்குச் சுயநலமும் சாவும். சிவப்புக்கு நெருப்பும் கோபமும். பச்சைக்குக் காடும் மிருகங்களும். ஒரு நிறத்தால் முடிவது இன்னொன்றால் முடியாது. பச்சையிடம் மாட்டுக் கொழுப்பில் பெரிய பெரிய பிராணிகள் இருக்கும். எதிரியின் பிராணியை நேரடியாகக் கொல்லத் தெரியாது. சிவப்பு சுட்டுத் தள்ளும். நீண்ட நேரம் நின்று விளையாடத் தெரியாது.

ஆடுகிறவர் ஒரு மந்திரவாதி. 20 உயிர்ப் புள்ளிகளோடு ஆரம்பிப்பார். எதிராளியின் 20-ஐயும் காலி செய்பவர் ஜெயித்தார். காலி செய்வதற்குப் பிராணிகளை இறக்க வேண்டும். பிராணி சும்மா வராது. மானா என்கிற மந்திர சக்தி வேண்டும். மானா எங்கிருந்து வரும்?

நிலத்திலிருந்து.

சமவெளி வெள்ளை மானா தரும். தீவு நீலம், சதுப்பு நிலம் கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை. இந்த நிலங்களும் கட்டுக்குள்ளேயே கலந்து கிடக்கிற கார்டுகள்தான். ஒரு சுற்றுக்கு ஒரு நிலம் மட்டுமே இறக்கலாம். கையில் தேவதை இருக்கும், இறக்குவதற்குச் சமவெளி இருக்காது. டிராகன் இருக்கும், மலை வராது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்களே, அந்த நிலைமை இந்த ஆட்டத்தில் தினசரி நடப்பு.

நிலம்தான் கடிவாளம். ஐந்து நிறத்திலும் உள்ள நல்லதையெல்லாம் ஒரே கட்டில் போட யாரும் தடுக்கவில்லை. போட்டுக்கொள். ஆனால் ஐந்து விதமான நிலமும் சரியான நேரத்தில் வந்தாக வேண்டும். வருமா?

நான் படித்தது பி.காம். சரக்குக்கு முன்னால் முதல் எங்கே என்று கேட்டுத்தான் பழக்கம். அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிடலாம்.

போட்டிகளில் கட்டுக்குக் குறைந்தது 60 கார்டு. ஒரே கார்டு நாலுக்கு மேல் கூடாது. சாதாரண நிலங்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அறுபதில் 24 நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏழு கார்டு எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே நிறம், 24-ம் மலை என்றால், முதல் ஏழில் ஒரு மலைகூட வராமல் போக 100-க்கு 2 வாய்ப்புதான். கவலையே இல்லை.

இரண்டு நிறம். 12 மலை, 12 காடு. இப்போது முதல் ஏழில் ஏதாவது ஒரு நிறத்தின் நிலம் வராமல் போக வாய்ப்பு 100-க்கு 36. ரெண்டிலிருந்து முப்பத்தாறு!

மூன்று நிறம், எட்டு எட்டாக? 76. அதாவது நாலு ஆட்டத்தில் மூன்று ஆட்டம், ஏதோ ஒரு நிறத்துக்குக் கையேந்திக்கொண்டுதான் ஆரம்பம். பிறகு வரலாம், வராமலும் போகலாம். அதற்குள் எதிராளி உங்கள் 20-ல் பாதியைத் தின்றிருப்பான். அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதை இதைவிடச் சுத்தமாகக் கணக்கில் காட்ட முடியாது.

ஆக, ஒரு நிறமென்றால் பத்திரம், ஆனால் பல விஷயங்கள் முடியாது. மூன்று நிறமென்றால் எல்லாம் முடியும், ஆனால் கால் வாரும். எது வேண்டும்? இந்த முடிவை ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் புத்தியால் எடுக்க வேண்டும். ஆட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

மருந்தைக் கண்டுபிடித்த கார்ஃபீல்டே அதற்கு ஒரு மாற்று மருந்தையும் சேர்த்தே விற்றார். அதுதான் வேடிக்கை.

1993 ஆகஸ்டில் முதல் பதிப்பு வெளியானது. பெயர் ஆல்ஃபா. 295 விதமான கார்டுகள், மொத்தம் 26 லட்சம் பிரதி. அந்தப் பதிப்பில் இரட்டை நிலங்கள் என்று ஒரு சமாச்சாரம் இருந்தது. டைகா என்று ஒரு கார்டு. அது மலையும்தான், காடும்தான். சிவப்பு கேட்டால் சிவப்பு தரும், பச்சை கேட்டால் பச்சை. சவானா என்றால் காடும் சமவெளியும். பதிலுக்கு ஏதாவது கேட்குமா? ஒன்றும் கேட்காது. தண்டம் இல்லை, தாமதம் இல்லை.

ஐந்து நிறத்தில் ஜோடி சேர்த்தால் பத்து வரும். ஆனால் ஆல்ஃபாவில் ஒன்பதுதான் இருந்தன. மலையும் தீவும் சேர்ந்த வால்கனிக் ஐலண்டைத் தவறுதலாக விட்டுவிட்டார்கள். அடுத்த அச்சில்தான் அது உள்ளே வந்தது. இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அந்த நாலு டைகா என்ன செய்யும் தெரியுமா? மேலே பார்த்த இரண்டு நிறக் கட்டில் நாலு டைகா, பத்து மலை, பத்து காடு என்று மாற்றுங்கள். 36 என்றிருந்த ஆபத்து 26 ஆகிறது. மூன்று நிறக் கட்டில் மூன்று ஜோடியிலும் நந்நாலு இரட்டை நிலம் போட்டால் 76 என்பது 45-க்கு இறங்குகிறது. கடிவாளம் பாதி அவிழ்ந்துவிட்டது.

கார்ஃபீல்டைக் குறை சொல்ல முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் கார்டு வாங்குவார்கள், அரிதான கார்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும் என்ற கணக்கில் உருவான ஆட்டம் அது. கார்டுகள் ஒரே ஆளிடம் தேங்கிவிடக் கூடாது என்று, ஆரம்ப காலத்தில் ஒரு கார்டைப் பந்தயமாக வைத்து ஆடுகிற விதிகூட இருந்தது. ஜெயித்தவன் எடுத்துக்கொள்ளலாம். மக்களுக்குப் பிடிக்கவில்லை. தன் கார்டைப் பறிகொடுக்க யாருக்கு மனசு வரும்? விதி சீக்கிரமே வழக்கொழிந்தது. கார்டுகள் தேங்க ஆரம்பித்தன.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1994 ஆகஸ்ட். மில்வாக்கி நகரில் ஜென்கான் கண்காட்சி. அங்கே முதல் உலக சாம்பியன்ஷிப். 512 பேர். தோற்றால் வெளியே. இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் ஸாக் டோலனும் ஃபிரான்ஸின் பெர்த்ராண்ட் லெஸ்த்ரேயும்.

லெஸ்த்ரே கொண்டுவந்திருந்த மாதிரிக் கட்டுக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர், ஸூ. மிருகக்காட்சி சாலை! சின்னச் சின்ன, விலை மலிவான, கடித்துக் குதறுகிற பிராணிகள். அதில் கதாநாயகன் ஒரு குரங்கு. கிர்ட் ஏப். 1993 டிசம்பரில் வெளியான அராபியன் நைட்ஸ் தொகுப்பில் வந்தது. ஒரே ஒரு சிவப்பு மானா போதும், இறங்கிவிடும். தாக்கும் பலம் 1, தாங்கும் பலம் 1. ஆனால் உங்களிடம் ஒரு காடு இருந்தால் 2-ம் 3-ம் ஆகிவிடும்.

கொஞ்சம் கவனியுங்கள். குரங்கு சிவப்பு. அதற்கு வேண்டியதோ காடு. சாதாரணமாக முதல் சுற்றில் மலை இறக்கிக் குரங்கைக் கொண்டுவந்து, அடுத்த சுற்றில் காடு வந்தால்தான் அது தேறும். டைகா இருந்தால்? அதுவே மலை, அதுவே காடு. முதல் சுற்றிலேயே குரங்கு கொழுத்துவிடும். பார்க்கிறவன் குரங்கைப் பார்த்துப் பயப்படுவான். குரங்கைக் குரங்காக்கியது கீழே கிடக்கிற நிலம் என்பது பிறகுதான் உறைக்கும்.

லெஸ்த்ரேயின் கட்டு சிவப்பு, பச்சை, நீலம். டோலனுடையது வெள்ளை, நீலம், பச்சை. செரா ஏஞ்சல் என்ற பறக்கும் தேவதை, இரண்டு பேர் நிலங்களையும் உறையவைக்கிற ஸ்டாஸிஸ் என்ற மந்திரம், எந்த நிற மானாவும் தருகிற பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ் பறவை. டோலன் ஜெயித்தார். முதல் உலக சாம்பியன். ஆனால் பாருங்கள், இறுதிவரை வந்த இரண்டு பேருமே மூன்று நிறக்காரர்கள். முதலாண்டிலேயே அகலக்கால் வைத்தவர்கள்தான் உயரத்தில் நின்றார்கள். கால் வைக்க நிலம் இருந்தது.

கம்பெனி சுதாரித்துக்கொண்டது. 1995-ல் வந்த நாலாம் பதிப்பில் இரட்டை நிலங்கள் இல்லை. அதே வருஷம் ஐஸ் ஏஜ் தொகுப்பில் வேறு மாதிரி நிலங்கள் வந்தன. இரண்டு நிறம் தரும், ஆனால் ஒவ்வொரு முறையும் உங்களை ஒரு புள்ளி கடிக்கும். இனாம் ஒழிந்து வட்டி ஆரம்பித்தது.

வட்டி வந்ததும் சிக்கனக்காரர்களுக்கு யோகம் அடித்தது. 1996-ல் அட்லாண்டாவில் ஒரு தகுதிச் சுற்று. பால் ஸ்லை என்பவர் ஒரே நிறக் கட்டோடு வந்தார். முழுக்கச் சிவப்பு. வடிவமைத்தது ஜே ஷ்னைடர் என்பவர். உள்ளே இருந்த பிராணிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். யாரும் சீந்தாத சோப்ளாங்கிகள். ஆனால் கணக்கு பிசகாது. முதல் சுற்றில் ஒரு நிலம், ஒரு மானா செலவு. இரண்டாம் சுற்றில் இரண்டு நிலம், இரண்டு மானா செலவு. எந்தச் சுற்றிலும் ஒரு பைசா சும்மா தூங்காது. எதிராளி மூன்றாவது நிறத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது இவர் பாதி ஆளைத் தின்றிருப்பார். முதலைச் சும்மா முடக்கி வைக்காதே என்று எங்கள் கல்லூரியில் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்ததை ஒரு சீட்டுக்கட்டு செய்து காட்டியது. அதற்குப் பிறகு மலிவான சிவப்புக் கட்டுக்கெல்லாம் ஸ்லை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பல நிறக் கட்டு அத்துடன் செத்ததா என்றால், இல்லை. 1997 அக்டோபரில் டெம்பஸ்ட் என்ற தொகுப்பு வந்தது. அதில் ஸ்லிவர் என்றொரு ஜந்து இனம். மைக் எலியட் என்ற வடிவமைப்பாளரின் கற்பனை.

ஸ்லிவர்களின் விசேஷம் இதுதான். ஒன்றுக்குத் தெரிந்தது எல்லாவற்றுக்கும் தெரியும். மஸில் ஸ்லிவர் என்ற பச்சை ஜந்து இருந்தால் எல்லா ஸ்லிவருக்கும் பலம் ஒன்று கூடும். தனியாக நின்றால் அது 2/2. இரண்டு வந்தால் இரண்டுமே 3/3. மூன்று வந்தால் மூன்றும் 4/4. நீல நிற விங்ட் ஸ்லிவர் வந்ததா? அத்தனையும் பறக்கும். சிவப்பு ஹார்ட் ஸ்லிவர் வந்தால் இறங்கிய கையோடு பாயும். வெள்ளை டாலன் ஸ்லிவர் வந்தால் முதல் அடி இவர்களுடையது.

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வித்தை. எல்லா வித்தையும் வேண்டுமென்றால் எல்லா நிறமும் வேண்டும். இதைவிட அழகாக ஒரு தூண்டிலில் புழு கோர்க்க முடியுமா?

1998 மார்ச்சில் அடுத்த தொகுப்பில் ராணியே வந்துவிட்டாள். ஸ்லிவர் குவீன். 7/7. இரண்டு மானா கொடுத்தால் ஒரு குட்டி போடுவாள், கொடுக்கக் கொடுக்கப் போட்டுக்கொண்டே இருப்பாள். கொண்டுவர ஐந்து மானா. ஐந்தும் ஐந்து நிறம். வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று.

ஊரெல்லாம் பையன்கள் ஸ்லிவர் கட்டு கட்டினார்கள். கட்டத் தெரியாதவன் ஜந்துக்களை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் நிலத்தைத் திணிப்பான். ராணி கையிலேயே இருப்பாள். நாலு நிலம் வந்திருக்கும், நாலும் காடாக இருக்கும். கட்டத் தெரிந்தவன் நிலத்தில் ஆரம்பிப்பான். எந்த நிறமும் தரும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி கடிக்கும் சிட்டி ஆஃப் பிராஸ். எந்த நிறமும் தரும், ஆனால் மூன்றே தடவைதான் தரும் ஜெம்ஸ்டோன் மைன். இவற்றை நாலு நாலு வைத்துவிட்டு, இந்த நிலம் எத்தனை நிறம் தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்ற ஜந்துக்களைப் பொறுக்குவான். ஐந்து நிற ஆசையை மூன்றில் நிறுத்திக்கொள்கிறவனும் உண்டு. அவன்தான் அதிகம் ஜெயித்திருப்பான்.

நடுவில் இன்னொரு காரியம் நடந்தது. ஆட்டத்தைவிட அது முக்கியம்.

1995-ல் க்ரானிக்கிள்ஸ் என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பழைய, கிடைப்பதற்கரிய கார்டுகளைத் திரும்ப அச்சடித்துத் தள்ளினார்கள். ஆடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். பெட்டியில் பூட்டி வைத்த கார்டின் விலை விழுந்தால் சும்மா இருப்பார்களா? கடைக்காரர்களும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். 1996 மார்ச்சில் கம்பெனி ஒரு சத்தியம் செய்து கொடுத்தது. ஒரு பட்டியல். இதில் உள்ள கார்டுகளை இனி எந்தக் காலத்திலும் அச்சடிக்க மாட்டோம்.

அந்த இரட்டை நிலங்கள் பத்தும் பட்டியலில் ஏறின. ஸ்லிவர் குவீனும் பின்னால் அதில் சேர்ந்தாள்.

நிலம் வளராது, ஜனம் வளரும். அப்புறம் என்ன ஆகும் என்பதை எந்த ஊர் ரியல் எஸ்டேட்காரரும் சொல்லிவிடுவார். 1999-ல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி விஸர்ட்ஸை சுமார் 32.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2022-ல் மேஜிக் வருஷத்துக்கு 100 கோடி டாலர் புரளும் சரக்காகிவிட்டது. ஆடுகிறவர்கள் பெருகினார்கள். டைகா மட்டும் பெருகவில்லை.

கம்பெனியும் மாற்று நிலங்களை விட்டுக்கொண்டே இருந்தது. 2002-ல் தேடல் நிலங்கள். ஒரு உயிர்ப் புள்ளி கொடுத்து, அந்த நிலத்தைக் குப்பைக்கு அனுப்பி, வேண்டிய நிலத்தைக் கட்டிலிருந்து தேடி எடுக்கலாம். 2005-ல் ராவ்னிகா தொகுப்பில் புதிய இரட்டை நிலங்கள். டைகா மாதிரியேதான். ஆனால் இறக்கும்போது இரண்டு உயிர்ப் புள்ளி கொடு, இல்லையென்றால் ஒரு சுற்று காத்திரு.

மிருகக்காட்சி சாலை மறுபடி திறந்தது. 2008-ல் வைல்ட் நகாட்டில் என்று ஒரு பூனை வந்தது. ஒரு பச்சை மானா. 1/1. உங்களிடம் மலை இருந்தால் ஒன்று கூடும், சமவெளி இருந்தால் இன்னொன்று. பச்சைப் பூனைக்குச் சிவப்பு நிலமும் வெள்ளை நிலமும் வேண்டும்! தேடல் நிலம் ஒரு புள்ளி, அது கொண்டுவரும் இரட்டை நிலம் இரண்டு புள்ளி. இப்படி இரண்டு முறை செய்தால் ஆறு. 20-ல் ஆரம்பித்தவர் எதிராளி தொடுவதற்கு முன்பே 14-ல் நிற்பார். பதிலுக்கு ஒரே மானாவில் வந்த 3/3 பூனை பாயும். கடன் வாங்கித் தொழில் செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. லாபம் வட்டியை முந்தினால் பிழைத்தீர்கள்.

2009 அக்டோபர். டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின். புரோ டூர் போட்டி. பிரையன் கிப்லர் என்ற ஆட்டக்காரர் இப்படி ஒரு ஸூ கட்டோடு வந்தார். கட்டியது அவருடைய நண்பர் பென் ரூபின். அன்றைக்கு ஆளாளுக்கு ஸூ கட்டுதான். இவர்களுடையதில் என்ன வித்தியாசம்? மற்றவர்கள் நிலத்தை வழிச்செலவாகப் பார்த்தார்கள். இவர்கள் முதலீடாகப் பார்த்தார்கள்.

நைட் ஆஃப் த ரெலிக்வரி என்ற வீரன். குப்பைக்குப் போன உங்கள் நிலம் ஒவ்வொன்றுக்கும் அவன் பலம் ஒன்று கூடும். தேடல் நிலங்களை உடைத்து உடைத்து எறிந்திருக்கிறீர்களே, அத்தனையும் அவன் கணக்கில் வரவு. இன்னொரு பக்கம் க்ரோவ் ஆஃப் த பர்ன்வில்லோஸ் என்ற நிலம். சிவப்போ பச்சையோ தரும், ஆனால் எதிராளிக்கு ஒரு உயிர்ப் புள்ளி இனாம். அசட்டு நிலம் என்று தோன்றும். கூடவே பனிஷிங் ஃபயர் என்ற நெருப்பு. எதிராளிக்கு உயிர் கூடும்போதெல்லாம், ஒரு சிவப்பு மானா கொடுத்தால் குப்பையிலிருந்து அது திரும்பக் கைக்கு வந்துவிடும். நிலத்தைத் தட்ட வேண்டியது, நெருப்பு திரும்பி வர வேண்டியது, எதிராளியின் சின்னப் பிராணிகளை ஒவ்வொன்றாகப் பொசுக்க வேண்டியது. மற்ற மிருகக்காட்சி சாலைகள் காலியாகின. இறுதிச் சுற்றில் ஜப்பானின் சுயோஷி இகேதாவை ஜெயித்து கிப்லர் கோப்பையைத் தூக்கினார்.

1994-ல் குரங்கோடு வந்த லெஸ்த்ரே இரண்டாமிடம். பதினைந்து வருஷம் கழித்துப் பூனையோடு வந்த கிப்லர் முதலிடம். நடுவில் மாறியது பிராணிகள் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ, நிலத்தைப் பற்றிய புத்தி மாறியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் பழைய கார்டுகளெல்லாம் செல்லும் பந்தயங்கள் இருக்கின்றனவே, அங்கே கதை வேறு. அங்கே வட்டி கட்டும் நிலத்தோடு போகிறவன், வட்டியே இல்லாத 1993 நிலத்தோடு வருகிறவனிடம் மோத வேண்டும். ஒரு கட்டுக்குத் தேவையான இரட்டை நிலங்களை வாங்கவே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். எத்தனை நிறம் ஆடலாம் என்பது புத்தியால் எடுக்க வேண்டிய முடிவு. அதை பர்ஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாக் கட்டும் ஒரே கட்டாகிவிடக் கூடாது என்று ஒரு கணக்கு வாத்தியார் போட்ட கடிவாளம், காசில்லாதவன் வாயில் மட்டும் மிஞ்சியது.

2022 நவம்பரில், ஆட்டத்தின் 30-ம் ஆண்டு கொண்டாட்டம் என்று சொல்லி கம்பெனியே பழைய கார்டுகளை அச்சடித்தது. சத்தியம்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பின்பக்கம் வேறு மாதிரி இருக்கும், போட்டிகளில் செல்லாது. அப்படியானால் சத்தியத்தை மீறவில்லையாம். நாலு பாக்கெட், பாக்கெட்டுக்கு 15 கார்டு, விலை 999 டாலர். உள்ளே டைகா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆடவும் முடியாத, அதிர்ஷ்டமிருந்தால் மட்டும் கிடைக்கிற நிலத்துக்கு ஆயிரம் டாலர்! ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில் சாதாரண ஆட்டக்காரன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அலாஸ்காவில் சில நண்பர்கள் விளையாட்டாக ஆரம்பித்த ஒரு முறை. 100 கார்டு கட்டு, சாதாரண நிலம் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது. தலைமை தாங்க ஒரு புகழ்பெற்ற பிராணி. 1994-ல் லெஜெண்ட்ஸ் தொகுப்பில் வந்த ஐந்து மூத்த டிராகன்கள்தான் முதலில் தலைவர்கள். ஒவ்வொன்றும் மூன்று நிறம். இன்றைக்கு கமாண்டர் என்ற பெயரில், அதிகம் பேர் ஆடுவது இந்த முறையைத்தான். ஐந்து நிற ஸ்லிவர் கட்டுகள் இங்கே கொடிகட்டிப் பறக்கின்றன. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, சாப்பாட்டு மேஜையில் ஆடுகிற ஆட்டம். கோப்பை கிடையாது. மலை மட்டும் நாலு வந்து ராணி கையிலேயே கிடந்தால் சிரித்துக்கொள்கிறார்கள்.

அந்த மேஜைகளில் பல இடங்களில் ஒரு எழுதாத ஒப்பந்தம் உண்டு. நிஜ டைகா வாங்க முடியாதவன், ஒரு சாதாரணக் காட்டின் மேல் துண்டுக் காகிதம் ஒட்டி, பேனாவால் டைகா என்று எழுதிக்கொள்ளலாம். கூட ஆடுகிறவர்கள் சரி என்றால் சரி. அதிகாரபூர்வப் போட்டியில் இதைக் கொண்டுபோனால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மேஜையில் யாரும் அனுப்புவதில்லை. காகித டைகாவும் கேட்டால் சிவப்பு தருகிறது. கேட்டால் பச்சை தருகிறது. குரங்கும் முதல் சுற்றிலேயே கொழுத்துவிடுகிறது.